சிவப்புக் கம்பளிப் பட்டை

சார், உங்க துண்டை இந்த ஜன்னல்ல கொஞ்சம் செருகி விடுறீங்களா? வெயில் நேரா பொட்டி மேல விழுது. என் துண்டை ஏற்கெனவே சுத்திட்டேன், அது பத்தல. ஆங், அப்படித்தான். நல்லா இருப்பீங்க.

பஸ் நின்னு எம்புட்டு நேரம் இருக்கும்? நாப்பது நிமிசமா? எனக்கு ரெண்டு மணி நேரம் ஆன மாதிரி இருக்கு. ரோட்டுல விழுந்த மரத்தை அறுத்துக்கிட்டு இருக்காங்க, இப்பப் போயிரலாம்னு கண்டக்டர் சொல்லிட்டுப் போனாரு. அந்த 'இப்ப'வத்தான் அவரு மூணு தடவை சொல்லிட்டாரு. நேத்துப் பெஞ்ச மழைக்கு விழாத மரம், இன்னைக்கு நான் பஸ் ஏறுனதும் விழுகுது பாருங்க.

நாலு மணிக்குள்ள மதுரையில அந்த லேபு வாசல்ல நிக்கணும் சார். சனிக்கிழமைல்ல, நாலு மணிக்குப் பூட்டிருவாங்க. பூட்டிட்டா திங்கக்கிழமை காலையிலதான். என் குதிரை அம்புட்டு நாளு தாங்காது.

இதுல மீனு இல்ல சார். முகத்தச் சுளிக்காதீங்க. ஏரிக்கரையில ஐஸ்கிரீம் விக்கிறவன்கிட்ட வாங்குன தெர்மாகோல் பொட்டி. உள்ள ஐஸ்கட்டி. ஐஸ்கட்டிக்கு நடுவுல ரெண்டு சின்னக் குழாயி. அதுல இருக்கது சீழு. என் மரகதத்தோட சீழு. டாக்டரம்மா ஊசி விட்டு உறிஞ்சி, மூடி, மேல பேர் எழுதி, ரெண்டு பாலித்தீன் பையில போட்டுக் குடுத்துருக்கு. எந்த மருந்துக்கு இந்தக் கிருமி சாகும்னு லேபுல பாத்துச் சொல்லுவாங்களாம். இந்த ஐஸு கரைஞ்சிருச்சுன்னா எல்லாம் கெட்டுரும்னு சொல்லிருச்சு. அதான் வெயிலுக்கு இந்தப் பாடு படுறேன்.

எம் பேரு வியாகுலம். கொடைக்கானல்ல ஏரியச் சுத்திக் குதிரை ஓட்டுறோம்ல, அந்த ஸ்டாண்டுல ஆளு. இருபத்தாறு வருசம். மரகதம் எனக்கு ஏழாவது குதிரை. செவலை நெறம், நெத்தியில மட்டும் வெள்ளை. கைக்குழந்தைய மேல உக்கார வெச்சாலும் நடையில ஒரு குலுக்கல் இருக்காது. எங்க ஸ்டாண்டுல பன்னெண்டு குதிரை நின்னாலும் வாரவங்க இவளத்தான் கை காட்டுவாங்க. நான் பெருமைக்குச் சொல்லல, நீங்க யாரை வேணும்னாலும் கேளுங்க.

இப்ப அவ படுத்துக் கெடக்கா. குதிரை படுத்தா நல்லதில்ல சார். எனக்குப் பயமா இருக்கு.

எல்லாம் அந்தக் கனி ராவுத்தர் கொண்டாந்த குட்டியால வந்தது. ராவுத்தரும் எங்க ஸ்டாண்டுதான், எனக்குப் பக்கத்து எடம். பொள்ளாச்சிப் பக்கம் யாருகிட்டயோ ஒரு பொட்டைக் குட்டிய வாங்கிட்டு வந்தாரு, சிட்டுன்னு பேரு வெச்சாரு. வெளியூர்க் குதிரையக் கொண்டாந்து எங்க குதிரைக நடுவுல கட்டுனா நோய் வராம என்ன வரும்? அப்பவே நான் சொன்னேன். இது நிக்க, நான் மொதல்ல இருந்து சொல்றேன். எப்படியும் மரம் நகரப் போறதில்ல.

மாசி மாசம் பெரியகுளத்துல ஒரு கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு மரகதத்தை அனுப்புனேன். அங்க வேற மூணு குதிரையும் வந்துருந்துச்சு. எல்லாத்துக்கும் ஒரே தொட்டியில தண்ணி காட்டுனாங்க, நல்லபடியா முடிஞ்சுச்சு, மலையேறி வந்துட்டோம். பத்து நாளு இருக்கும், புல்லு மேயாம தலையத் தொங்கப் போட்டு நிக்கிறா. குதிரைக்குக் காய்ச்சல் பாக்குறதுக்கு எனக்குத் தெர்மாமீட்டர் குச்சி வேணாம் சார், காதோட அடியில ரெண்டு விரல வெச்சாப் போதும். நெருப்பாக் கொதிக்குது. மூக்குல சளி. தாடைக்குக் கீழ தொட்டுப் பாக்குறேன், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி.

நேரா கவர்மெண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். புதுசா வந்த டாக்டரம்மா, தமயந்தின்னு பேரு, சின்னப் பிள்ளை. பாத்துச்சு. "இது தொண்டைக் கட்டி நோயி. கட்டி பழுத்து ஒடையணும். வெந்நீர் ஒத்தடம் குடுங்க, பழுத்ததும் நானே வந்து கீறி விடுறேன். இப்ப ஊசி வேணாம்"னு சொல்லுச்சு.

ஊசி வேணாமாம். நான் கேக்குறேன், காய்ச்சல்ல கெடக்குற வாயில்லாச் சீவனுக்கு ஊசி போடாத டாக்டர் என்ன டாக்டரு? அப்படியே கேட்டும் புட்டேன். அதுக்கு அந்தப் பிள்ளை கோவப்படல. "ஊசி போட்டா கட்டி பழுக்காம அமுங்கும். அமுங்குனா போயிருச்சுன்னு அர்த்தமில்ல, உள்ளுக்குப் போயிரலாம். ரெண்டு, மூணு வாரம் பொறுங்க. தனியாக் கட்டுங்க, தனி வாளி வைங்க. மத்த குதிரைக்குப் பரவும்"னு சொல்லுச்சு.

மூணு வாரம். சீசன் தலைக்கு மேல நிக்குது.

எங்க ஸ்டாண்டுல ஒரு சட்டம் உண்டு, நாங்களே போட்டுக்கிட்டது. ஒரு குதிரைக்கு ஒட்டுற நோயின்னா இருபத்தோரு நாளு ஸ்டாண்டுக்குக் கொண்டு வரக் கூடாது. அந்த நாளுல மத்த ஒவ்வொருத்தரும் தெனம் ஏரியச் சுத்தி ஒரு ரவுண்டு ஓட்டி, அந்தக் காசை அவனுக்குக் குடுக்கணும். பதினோரு குதிரை, பதினோரு ரவுண்டு. ஒருத்தன் வீட்டுலயும் அடுப்பு அணையாது. நல்ல சட்டம்தான், நானே எத்தனையோ பேருக்கு ஓட்டிக் குடுத்துருக்கேன். ஆனா எனக்கு இன்னொருத்தன் ஓட்டிக் குடுக்கறதா? வியாகுலத்துக்கா? இருபத்தாறு வருசத்துல எவன் கையையும் நான் எதிர்பாத்தது கிடையாது சார். மனசு ஒப்பல.

பால் பண்ணையில கம்பவுண்டரா இருந்த பரமன் எனக்குத் தெரிஞ்ச ஆளு. இப்பவும் மாட்டுக்கெல்லாம் ஊசி போடுவான். கூப்பிட்டேன். பவுடரைத் தண்ணியில கலந்து போட்டான் பாருங்க, மறுநாளே காய்ச்சல் விட்டுருச்சு. ரெண்டாவது நாளு புல்லு திங்கிறா. கட்டியும் பாதியா அமுங்கிருச்சு. நான் அமலோற்பவத்துக்கிட்ட, அதான் என் வீட்டுக்காரி, "படிச்ச பிள்ளை மூணு வாரம்னுச்சு, படிக்காத பரமன் ரெண்டு நாளுல முடிச்சுட்டான்"னு சொல்லிச் சிரிச்சேன்.

அஞ்சு நாளு போடணும்னுதான் பரமனும் சொன்னான். எதுக்கு? புல்லு திங்கிற குதிரைக்கு எதுக்கு ஊசி? மிச்ச மருந்தைக் காய்கறிக்கடை பிரிட்ஜுல வெச்சுட்டேன். நான் எப்பவும் அப்படித்தான் சார். போன வருசம் எனக்குப் பல்லு வீங்குச்சு, ஏழு நாளு மாத்திரை குடுத்தாங்க, ரெண்டு நாளுல வலி போச்சு, நிப்பாட்டிட்டேன். மிச்சம் இப்பவும் சட்டைப் பையில இருக்கு. உங்களுக்கும் தொண்டை கரகரன்னு இருக்கு போலயே, வந்ததுல இருந்து செருமிக்கிட்டே இருக்கீங்க. இந்தாங்க, ரெண்டு போட்டாப் போதும். வேணாமா? சரி, உங்க இஷ்டம்.

கட்டி பாதி அமுங்குச்சுன்னு சொன்னேன்ல, மீதி பாதி இருந்துச்சு. ஸ்டாண்டுல பாத்தா வெரட்டிருவாங்க. அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. எங்கிட்ட ஒரு சிவப்புக் கம்பளிப் பட்டை, குஞ்சம் தொங்கும், திருவிழாவுக்குக் கட்டுறது. அதைக் கழுத்துல இல்லாம நல்லா மேல ஏத்தி, தாடையோட ஒட்டிக் கட்டுனேன். கட்டி இருந்த எடம் சுத்தமாத் தெரியல. குருத்தோலை ஞாயித்துக்கு மொத நாளு அது. ஏரிக்கரைக்கு ஓட்டிட்டுப் போறேன், எல்லாரும் "என்னய்யா, கல்யாணப் பொண்ணாட்டம் வந்துருக்கா"ன்னு கேலி பண்றாங்க. ராவுத்தர் கிட்டக்க வந்து குஞ்சத்தைத் தொட்டுப் பாத்து, "மாப்ள, இந்தச் செவலைக்கு இந்தச் சிவப்பு என்னமா எடுக்குது"ன்னாரு. அவரு என்னைய மாப்ளன்னுதான் கூப்புடுவாரு. அந்த ஒரு வாரத்துல மட்டும் எம்புட்டு ரவுண்டு ஓடுனாங்கிறீங்க.

பெரிய வெள்ளிக்கு மறுநாளு திரும்பக் காய்ச்சல். பிரிட்ஜுல இருந்த மருந்தை எடுத்து நானே போட்டேன். ஒண்ணும் கேக்கல. பரமன் வேற மருந்து கொண்டாந்தான். அது ரெண்டு நாளு கேட்டுச்சு, நிப்பாட்டுனேன். ஒரு வாரத்துல மறுபடி வந்துச்சு. அதுக்கு மூணாவது மருந்து. இப்படியே ஒண்ணு மாத்தி ஒண்ணு. கட்டி மட்டும் வெளியில தெரியவே இல்ல, அதுல எனக்குத் திருப்தி. ஆளு மட்டும் எளைச்சுக்கிட்டே போனா.

கடைசியாப் பரமன் மாட்டு மாத்திரை குடுத்தான், வெரல் தண்டி இருக்கும். வெல்லத்துல பொதிஞ்சு குடுத்தேன், நக்கி நக்கித் தின்னா. மூணாம் நாளு பேதி பிச்சுக்கிச்சு. தண்ணி தண்ணியாப் போகுது, நாத்தம் தாங்கல, நிக்க மாட்டாம கால் பின்னுது. அப்பத்தான் சார் நான் ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். டாக்டரம்மாவ வீட்டுக்கே கூட்டிட்டு வந்தேன். பாட்டில் பாட்டிலா குளுக்கோஸ் ஏத்துச்சு அந்தப் பிள்ளை. மாத்திரை அட்டையக் கையில வெச்சுக்கிட்டு, "மாட்டு வயிறு வேற, குதிரை வயிறு வேற அண்ணே. தின்ன புல்லைச் செரிக்க வைக்கிறதே குதிரை வயித்துல இருக்க நல்ல கிருமிதான். அதை எல்லாம் கொன்னுட்டீங்க. கொல்ல வேண்டியது உள்ள உசுரோட இருக்கு"ன்னு சொல்லுச்சு. வையவே இல்ல சார். வைஞ்சிருந்தா எனக்குக் கொஞ்சம் நல்லா இருந்துருக்கும்.

வயித்துக்குள்ள கட்டியாம். வெளிய ஒடைய வேண்டியது உள்ள போயிருச்சாம். "சும்மா இருந்தா சாதாரண மருந்துக்கே அடங்குற கிருமி. இப்ப வேற கிருமியும் கூடச் சேந்துருக்கு. அரைகுறையா மூணு, நாலு மருந்தைக் காட்டிப் பழக்கிட்டீங்க, எது கேக்கும்னு எனக்கே தெரியல. குருட்டாம்போக்குல இன்னொண்ணைப் போட மாட்டேன்"னு சொல்லித்தான் இன்னைக்குக் காலையில இந்தச் சீழ எடுத்துக் குடுத்துச்சு.

அந்தப் பிள்ளை என்னையக் குத்தம் சொல்லுது. நான் என்ன செஞ்சேன்? குதிரைக்கு வைத்தியம் பாத்தேன். பாக்காம விட்டேன்னு எவனும் சொல்ல முடியாது. நோயக் கொண்டாந்தவரை விட்டுட்டாங்க. சித்திரை கடைசியில எங்க ஸ்டாண்டுல நாலு குதிரைக்குக் கட்டி வந்துருச்சு சார். சிட்டுக்கும் வந்துச்சு. நான்தான் எல்லாரையும் கூட்டி வெச்சுச் சொன்னேன், இது ராவுத்தர் குட்டியால வந்ததுன்னு. வெளியூர்க் குதிரை அது ஒண்ணுதானே? எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. ராவுத்தரோட பழைய குதிரை, இந்தச் சிட்டு, ரெண்டையும் ஸ்டாண்ட விட்டு வெலக்கி வெச்சோம். அவருக்கு ரவுண்டு ஓட்டிக் குடுக்கணும்ல, சட்டப்படி? நோயக் கொண்டாந்தவனுக்கு எதுக்கு ரவுண்டுன்னு நான்தான் தடுத்தேன். ராவுத்தர் தொப்பியக் கழட்டித் தலையத் தடவுனாரு, குதிரைகளப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டாரு.

இதுல ஒரு கூத்து என்னன்னா, மரகதம் படுத்துட்டான்னு கேள்விப்பட்டு மொதல்ல வந்தது அவருதான். கையக் கழுவிட்டு சிட்டுக்கு ஒத்தடம் குடுக்கப் போற நேரம் போக, மூணு நாளா எங்க லாயத்துலயே கெடக்காரு. அவரு ஒரு பக்கமும் அமலோற்பவம் ஒரு பக்கமும் தாங்கித்தான் அவளத் திருப்பிப் போடுறாங்க. இப்பக் கூட அவருதான் கூட இருக்காரு. "நீங்க எதுக்கு வந்தீங்க"ன்னு கேட்டேன். "குதிரை என்ன பண்ணுச்சு மாப்ள"ன்னாரு.

என்ன கேட்டீங்க? சிட்டு எப்ப வந்துச்சா? அதான் சொன்னேனே, பொள்ளாச்சியில இருந்து. எந்தத் தேதின்னா? தேதி என்னத்த. ஈஸ்டர் முடிஞ்சு புதன்கிழமை. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ஈஸ்டருக்கு ஆக்குன கறி மிச்சம் இருந்துச்சு, ராவுத்தர் குட்டிய எறக்குறப்ப நான் கை கழுவிட்டுத்தான் போயிப் புடிச்சேன். அது லாரியில மெரண்டு நின்னுச்சு. நான்தான் எங்க வாளியில தண்ணி காட்டுனேன். மரகதம் குடிச்ச வாளியில.

ஆமா சார். ஈஸ்டருக்கு அப்புறம்தான்.

கட்டி வந்தது அதுக்கு முந்தி. குருத்தோலை ஞாயித்துக்கும் முந்தி.

கொஞ்சம் இருங்க சார். பேசாதீங்க கொஞ்சம்.

அமலோற்பவம் ஒரு நாளு சொன்னா. ராவுத்தர் குட்டி வரும்போது நம்ம குதிரை ஏற்கெனவே ஊசியிலதான இருந்துச்சுன்னா. உனக்கு என்ன தெரியும், சட்டியக் கழுவுன்னேன்.

பெரியகுளத்துத் தொட்டி சார். அங்க புடிச்சது. அதை நான் மலைக்குக் கொண்டாந்து, பட்டையக் கட்டி மூடி, பன்னெண்டு குதிரை தண்ணி குடிக்கிற எடத்துல நிறுத்திருக்கேன். பட்டையக் கட்டுனப்ப கட்டி தெரியக் கூடாதுன்னுதான் பாத்தேன். அதுக்குள்ள இருக்கது நோயின்னு எனக்குத் தோணவே இல்ல. டாக்டர் சொல்லுச்சு, தனி வாளின்னு. சொல்லத்தான் செஞ்சுச்சு.

இன்ஜின் போட்டுட்டாரு. நகருதா? நகருது. மாதாவே. மணி என்ன? ஒண்ணு பத்தா? வத்தலக்குண்டு ரெண்டு மணிக்குப் போயிட்டா, அங்க இருந்து ஒண்ணரை மணி நேரம். போயிரலாம்ல? நீங்க சொல்லுங்க சார், போயிரலாம்ல?

இருங்க, போன் அடிக்குது. வீட்டுல இருந்துதான்.

அலோ. சொல்லு... ராவுத்தரா? சொல்லுங்க ராவுத்தரே. பஸ்ஸு இப்பத்தான் கெளம்பிருக்கு, நாலு மணிக்குள்ள... ம்... ம்... எப்ப?

ம்.

சரி... சரி... இல்ல, திரும்பல... குடுத்துட்டுத்தான் வருவேன்... அது லாயத்துல ஆணியில தொங்குது... அலோ? அலோ?

கட்டாயிருச்சு. டவர் போயிருச்சு போல.

போயிட்டா சார். இருபது நிமிசம் ஆச்சாம். தலைய அவரு மடியிலதான் வெச்சிருந்தாளாம்.

இல்ல, நான் எறங்கல. எறங்கி என்ன செய்யப் போறேன்? "மாப்ள, நீ திரும்பிராத. பொட்டிய எப்படியாச்சும் லேபுல குடுத்துரு. அதுல என்ன வருதுன்னு பாத்துத்தான் சிட்டுக்கும் மத்ததுகளுக்கும் கட்டி உள்ள போச்சுன்னா எந்த மருந்துன்னு டாக்டரம்மா முடிவு பண்ணுமாம்"னு சொன்னாரு. சிட்டுக்கு இன்னும் கட்டி வெளியிலதான் இருக்கு. அவரு ஊசியே போடல. டாக்டர் சொன்ன மாதிரி ஒத்தடம் குடுத்துக்கிட்டு மூணு வாரமாப் பொறுத்துக் கெடக்காரு. அவருக்கு மட்டும் சீசன் இல்லையா என்ன.

கடைசியா ஒண்ணு கேட்டாரு சார். அந்தச் சிவப்புப் பட்டை எங்க இருக்குன்னு. புதைக்கும்போது அதைக் கட்டிப் புதைப்போம், அவளுக்கு அது அழகா இருக்கும்னு சொன்னாரு. நானும் ஆணியில தொங்குதுன்னு சொல்லிப்புட்டேன்.

அதுல அம்புட்டும் சீழு சார். அவ மூக்குல ஒழுகுன சளியும் சீழும் காஞ்சு கெடக்கு, எல்லாம் மருந்துக்குப் பழகுன கிருமி. இந்நேரம் எடுத்துருப்பாரு. அந்தக் கையோடதான் போயி சிட்டுக்கு ஒத்தடம் குடுப்பாரு. வேற குதிரையும் வெச்சிருக்காரு, பெரிசு, அதுக்கு இன்னும் ஒண்ணும் வரல. அது ஒண்ணுதான் இப்ப அவருக்கு மிச்சம்.

தொடாதீங்கன்னு சொல்லணும். சொன்னா ஏன்னு கேப்பாரு.

சார், உங்க போன்ல டவர் இருக்கா? கொஞ்சம் குடுங்களேன். நம்பரு எனக்கு மனப்பாடம். இந்தப் பொட்டிய ஒரு நிமிசம் மடியில வெச்சுக்கங்க. சாய்க்காதீங்க. துண்டு வெலகாமப் பாத்துக்கங்க.

அடிக்குது.

அலோ, ராவுத்தரே, வியாகுலம்தான் பேசுறேன். வேற ஆளு போன். பட்டைய எடுத்துட்டீங்களா? கீழ போடுங்க. கையக் கழுவுங்க, சோப்புப் போட்டு நல்லாக் கழுவுங்க, சிட்டுகிட்டப் போகாதீங்க... இல்ல ராவுத்தரே, பெரிசுகிட்டயும் போகாதீங்க. அந்தப் பட்டைய எரிச்சுரச் சொல்லுங்க அமலோற்பவத்துக்கிட்ட...

ஏன்னா...

சொல்றேன். வைக்காதீங்க, சொல்றேன். குருத்தோலை ஞாயித்துக்கு மொத நாளு, நீங்க குஞ்சத்தைத் தொட்டுப் பாத்தீங்கள்ல, அன்னைக்கு அதுக்குக் கீழ...